சாத்தானின் நூல் யாரை வணங்கச் சொல்கிறது?



தவக்காலத்தின் முதல் ஞாயிறன்று, இயேசு பாலைநிலத்தில் சோதிக்கப்பட்டதை நாம் நற்செய்தியில் கேட்கிறோம். மத்தேயு 4ஆம் அதிகாரம் கூறும் மூன்றாம் சோதனை வழிபாட்டைப் பற்றியது. உலக அரசுகள் அனைத்தையும் காட்டி, தன்னை வணங்கினால் அவற்றைத் தருவதாக அலகை சொல்கிறது.

நம் காலத்தில் சாத்தானின் பெயராலேயே ஒரு நூல் உண்டு. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் 1966இல் 'சாத்தான் சபை'யைத் தொடங்கிய ஆன்டன் லவே, 1969இல் 'சாத்தானிய விவிலியம்' என்ற நூலை வெளியிட்டார். பெயரைக் கேட்டதும், கொம்பும் வாலும் கொண்ட ஒருவனை வணங்க அழைக்கும் நூல் என்றே நாம் எண்ணுவோம். ஆனால் அச்சபையினர் கடவுளையும் நம்புவதில்லை. சாத்தான் என்று ஒருவன் இருப்பதாகவும் நம்புவதில்லை. எவருக்கும் பணியாத செருக்குக்கும் கட்டுப்படாத ஆசைக்கும் சாத்தான் ஓர் அடையாளம், அவ்வளவுதான். குழந்தைகளையோ விலங்குகளையோ பலியிடுவதையும் அந்நூல் ஏற்பதில்லை. சாத்தானை மெய்யாகவே வணங்கும் சிறு குழுக்கள் வேறு.

அப்படியானால் இந்நூல் யாரை வணங்க அழைக்கிறது? ஒவ்வொருவரும் தன்னையே! அதனால்தான் அவர்களுக்கு ஆண்டின் மிகப் பெரிய திருநாள் அவரவர் பிறந்தநாள்.

இயேசு அலகைக்குச் சொன்ன மறுமொழி, கடவுள் ஒருவரையே வணங்க வேண்டும் என்னும் இணைச்சட்டம் 6:13. அதற்குச் சற்று முன்னுள்ள வசனங்களையும் நாம் வாசிக்க வேண்டும். தாங்கள் தோண்டாத கிணறுகளும் நடாத திராட்சைத் தோட்டங்களும் கிடைத்து, வயிறார உண்ணும் நாளில் ஆண்டவரை மறந்துவிடாதீர்கள் என்று மோசே மக்களை எச்சரிக்கிறார். பெற்றதையெல்லாம் தன் சாதனையாக நினைப்பவன், மெல்ல மெல்லத் தனக்கே பீடம் கட்டிக்கொள்கிறான்.

கத்தோலிக்கத் திருஅவையின் மறைக்கல்வி நூல், 2113ஆம் எண்ணில், சாத்தான் வழிபாட்டைத் தனியே ஒதுக்கி வைக்கவில்லை. அதிகாரம், இன்பம், இனம், பணம் ஆகியவற்றோடு சேர்த்தே சிலைவழிபாடு என்கிறது. அந்த அமெரிக்க நூலை நம்மில் யாரும் பார்த்தே இராமல் இருக்கலாம். ஆனால் திருவிழாத் தேர் எந்தத் தெரு வழியே போகக் கூடாது என்று சாதி பார்த்து நாம் வழக்காடும்போது, தேரில் இருக்கும் புனிதரையா மதிக்கிறோம்? நம்மையே அல்லவா வணங்குகிறோம்!

பாஸ்கா திருவிழிப்பில் எரியும் மெழுகுதிரியைக் கையில் ஏந்தி, சாத்தானை விட்டுவிடுவதாக நாம் வாக்களிப்போம். அந்த இரவுக்குள் நம் உள்ளத்துப் பீடத்தில் அமர்ந்திருப்பது யார் என்று பார்த்துக்கொள்வோம். அங்கே நாமே இருந்தால், இறங்கி ஆண்டவருக்கு இடம் கொடுப்போம்.