பேலன்சிங் செய்தும் வண்டி குதிக்கிறதா? டயரைத் தடவிப் பாருங்கள்

ஞாயிற்றுக்கிழமை காலை. தெம்பனிஸ் தொழிற்பேட்டையில் உள்ள ஒரு டயர் பட்டறையில் என் முறைக்காகக் காத்திருந்தேன். எனக்கு முன்னால் கட்டுமான நிறுவனம் ஒன்றின் பிக்கப் வாகனம் நின்றது. அதை ஓட்டி வந்தவர் புதுக்கோட்டைப் பக்கத்து இளைஞர்.

“அண்ணே, ரெண்டு வாட்டி பேலன்சிங் பண்ணியாச்சு. நாப்பதுல போனாலே குதிக்குது. பின்னாடி உட்கார்ந்து வர்றவங்க என்னைத்தான் திட்டுறாங்க,” என்று மெக்கானிக்கிடம் முறையிட்டார்.

மெக்கானிக் எடை போடும் இயந்திரத்தின் பக்கமே போகவில்லை. “நாப்பதுலயேவா?” என்று மட்டும் கேட்டுவிட்டு, வண்டியை ஜாக்கியில் ஏற்றினார். அந்த ஒரு கேள்வியில்தான் விஷயமே இருக்கிறது.

பேலன்சிங் என்பது எடையைச் சரிசெய்யும் வேலை. எந்த டயரும் சுற்றிலும் ஒரே எடையில் இருப்பதில்லை. ஒரு பக்கம் சில கிராம் கூடுதலாக இருக்கும். சக்கரத்தை இயந்திரத்தில் சுழற்றி, கனம் குறைந்த இடம் எது என்று பார்த்து, ரிம்மில் அங்கே சிறு எடைத்துண்டு ஒட்டுகிறார்கள். முன்பு ஈயத்தில் இருந்த துண்டுகள் இப்போது பெரும்பாலும் இரும்பிலோ துத்தநாகத்திலோ வருகின்றன.

சில கிராமுக்கு இவ்வளவு பாடா என்று தோன்றலாம். பிக்கப்களில் வழக்கமான 265/70 ஆர்16 அளவு டயரை எடுத்துக்கொள்வோம். அதன் வெளிவிளிம்பில் 50 கிராம் கூடுதலாக இருந்தால், மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் அது ஏறக்குறைய 5 கிலோ எடைக்குச் சமமான விசையோடு சக்கரத்தை வெளிப்புறமாக இழுக்கும். அதுவும் நொடிக்கு எட்டு முறை. வேகம் 90 ஆனால் அது 8 கிலோவாகிவிடும். வேகம் இரண்டு மடங்கானால் இழுப்பு நான்கு மடங்கு.

ஆகவே, எடைக் கோளாறு வேகம் கூடும்போதுதான் தலைகாட்டும். பெரும்பாலும் 80க்கு மேல் ஸ்டியரிங் நடுங்கத் தொடங்கும். சிங்கப்பூர் விரைவுச்சாலைகளில் சிறிய சரக்கு வாகனங்களுக்கு உச்சவரம்பே 70தான். வரம்பை மதித்து ஓட்டும் ஒருவர், 40லோ 50லோ வண்டி குதிப்பதாகச் சொன்னால், அது பெரும்பாலும் எடைப் பிரச்சினை அன்று. சக்கரம் வட்டமாக இல்லை என்று பொருள். முட்டை வடிவத்தில் உள்ள ஒன்றுக்கு எவ்வளவு எடை ஒட்டினாலும் அது வட்டமாகிவிடாது.

வட்டம் கெடுவதற்குப் பல காரணங்கள் உண்டு. குழியில் விழுந்து ரிம் நெளிந்திருக்கலாம். டயர், ரிம்மில் முழுமையாக உட்காராமல் இருக்கலாம். வெளியில் வாங்கிய ரிம்மின் நடுத்துளை, வாகனத்தின் ஹப்பைவிடப் பெரியதாக இருந்தால், சக்கரம் இயந்திரத்தில் சரியாகச் சுழன்றாலும் வண்டியில் மாட்டும்போது மையம் விலகிவிடும். அத்தகைய ரிம்மை, சக்கரம் தரையில் அழுந்தாத நிலையில், எதிரெதிர் நட்டுகளாக மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். அவசரத்தில் வரிசையாக இறுக்கிவிட்டால் கதை கெட்டது.

கரடுமுரடான பாதைக்கும் தார்ச்சாலைக்கும் பொதுவான ஆல்-டெரெய்ன் டயர்களில் இந்தத் தொல்லைகள் அதிகம். அவற்றின் பட்டன்கள் (ஊரில் டயரின் மேல்கட்டைகளை அப்படித்தான் சொல்வோம்) பெரியவை, ஆழமானவை. ரப்பர் அதிகம், எடையும் அதிகம். எடை கூடக்கூட, அது சுற்றிலும் ஒரே அளவில் பரவியிருப்பதும் கடினமாகிறது. போதாதற்கு, கட்டுமானத் தளத்துச் சேறு ரிம்மின் உட்பக்கத்தில் அப்பிக் காய்ந்துவிடும். தளத்து வாசலில் சக்கரத்தைக் கழுவுவது சாலையில் மண் கொட்டாமல் இருப்பதற்காக. அந்த நீர் பல நேரங்களில் ரிம்மின் உட்புறத்தை எட்டுவதில்லை. தெம்பனிஸ் நார்த் போல வீவக கட்டுமானம் நடக்கும் பகுதிகளில் ஓடும் வண்டிகள், பட்டறைக்குப் போகுமுன் உள்பக்கத்தையும் பீய்ச்சிக் கழுவினாலே பாதி நடுக்கம் போய்விடக்கூடும்.

புது டயர் போடும்போது பக்கச்சுவரில் சிறு மஞ்சள் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலான தயாரிப்பாளர்கள் எடை குறைந்த இடத்தை அப்படிக் குறிக்கிறார்கள். அந்தப் புள்ளி காற்று வால்வுக்கு நேராக வர வேண்டும். வால்வுப் பக்கம் ரிம் சற்றுக் கனம் என்பதால் இரண்டும் ஈடுகட்டிக்கொள்ளும். இயந்திரம் நூறு, நூற்றைம்பது கிராம் கேட்டால், துண்டு துண்டாக ஒட்டிக்கொண்டே போகாமல், டயரை ரிம்மில் அரைவட்டம் திருப்பிப் போட்டு மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். மெக்கானிக் முகம் சுளிப்பார். பரவாயில்லை.

அந்த இளைஞரின் வண்டிக்கு வருவோம். மெக்கானிக் ஒவ்வொரு சக்கரத்தையும் கையால் மெதுவாகச் சுற்றி, டயரின் பரப்புக்கு அருகே ஸ்குரூடிரைவரை அசையாமல் பிடித்தார். மூன்று சக்கரங்களில் இடைவெளி மாறவில்லை. வலது பின்சக்கரத்தில் ஓரிடத்தில் பட்டன் வந்து ஸ்குரூடிரைவரைத் தட்டியது. “இங்க கைய வைங்க தம்பி.” அவர் தடவிப் பார்த்தார். உள்ளங்கையளவு இடம் இலேசாக மேடிட்டிருந்தது.

டயருக்குள் இருக்கும் எஃகுப் பட்டைகள் ஒன்றிலிருந்து ஒன்று பிரியத் தொடங்கியிருப்பதன் அடையாளம் அது. பட்டன் நிறைய இருந்தது. பக்கத்தில் நின்று பார்த்தால் புது டயர் போலத்தான் தெரிந்தது. அப்படியே ஓட்டினால், ஒருநாள் விரைவுச்சாலையில் மேல்தோல் முழுவதும் உரிந்து பறந்துவிடலாம்.

இந்தக் கோளாறு எவ்வளவு தூரம் போகும் என்பதை உலகம் 2000ஆம் ஆண்டில் பார்த்தது. ஃபோர்டு எக்ஸ்புளோரர் வாகனங்களில் பொருத்தப்பட்ட ஃபயர்ஸ்டோன் டயர்களின் மேல்தோல் ஓட்டத்திலேயே பிரிந்து, வண்டிகள் உருண்டன. அமெரிக்காவில் 270க்கும் மேற்பட்ட மரணங்கள் அதனுடன் தொடர்புபடுத்தப்பட்டன. அவ்வாண்டு ஆகஸ்டில் ஃபயர்ஸ்டோன் சுமார் 65 லட்சம் டயர்களை மீட்டுக்கொள்வதாக அறிவித்தது. அவற்றில் ‘வில்டர்னஸ் ஏடி’ என்ற ஆல்-டெரெய்ன் வகையும் அடக்கம். அதற்கு முன்பே சவூதி அரேபியா, மலேசியா, தாய்லாந்து, வெனிசுவேலா ஆகிய நாடுகளில் ஃபோர்டு டயர்களை மாற்றிக் கொடுக்கத் தொடங்கியிருந்தது. அமெரிக்காவிலும் அரிசோனா, டெக்சஸ், ஃபுளோரிடா போன்ற சூடான மாநிலங்களில்தான் சம்பவங்கள் அதிகம். எல்லாம் வெயில் கொளுத்தும் இடங்கள் என்பதைக் கவனியுங்கள். நம் ஊரும் அப்படித்தான்.

வடிவமைப்பிலும் உற்பத்தியிலும் குறை இருந்தது. கூடவே காற்றழுத்தம் பற்றியும் இரு நிறுவனங்களும் மோதிக்கொண்டன. ஃபோர்டு பரிந்துரைத்தது 26 பிஎஸ்ஐ, ஃபயர்ஸ்டோன் போதுமானதென வாதிட்டது 30. நம் பெட்ரோல் நிலையக் கணக்கில் 180, 207 கிலோபாஸ்கல். சிறிய வேறுபாடுதான். ஆனால் காற்றுக் குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் கூடுதலாக மடங்கி நிமிர்கிறது. மடங்க மடங்க உள்ளே சூடேறுகிறது. பாரமும் வெயிலும் சேர்ந்தால், எஃகுப் பட்டைகளின் ஓரத்தில் ரப்பர் முதலில் விரிசல் விடுகிறது. வெளியே ஒன்றும் தெரியாது.

சூட்டைத் தாங்குவதில் இயற்கை ரப்பருக்குத் தனி இடம் உண்டு. கனரக லாரி டயர்களில் கார் டயர்களைவிட அது அதிகம் சேர்க்கப்படுவதற்கு அதுவே முக்கியக் காரணம். அந்த ரப்பரின் கதையும் இங்கிருந்து தொடங்கியதுதான். 1877ல் சிங்கப்பூருக்கு வந்த கன்றுகள் பூமலையில் வளர்ந்தன. 1888ல் அங்கு பொறுப்பேற்ற ஹென்ரி ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பால் எடுக்கும் முறையைக் கண்டறிந்தார். பிறகு மலாயாத் தோட்டங்களில் விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டியவர்களில் பெரும்பகுதியினர் நம்மவர்கள்.

சாதாரண டயரிலிருந்து ஆல்-டெரெய்னுக்கு மாறுவோர் தவறவிடும் ஒன்று உண்டு. கதவோரத்தில் ஒட்டியிருக்கும் காற்றழுத்த எண், வண்டியோடு வந்த டயருக்கானது. இலகுரக லாரிகளுக்கென்று ‘எல்டி’ எனக் குறித்து வரும் தடித்த டயர், அதே பாரத்தைச் சுமக்க அதைவிடக் கூடுதல் காற்று கேட்கும். பழைய எண்ணையே பின்பற்றினால், தடித்த டயர் வாங்கியும் பயனில்லை. எவ்வளவு வேண்டும் என்பதைத் தயாரிப்பாளரின் பார அட்டவணையைப் பார்த்துச் சொல்லும்படி கடைக்காரரிடம் கேளுங்கள். காற்றைக் காலையில், வண்டி ஓடிச் சூடேறுமுன் அளக்க வேண்டும்.

தார்ச்சாலையிலேயே ஓடும் வண்டிக்கு இந்த டயர் தேவையா என்பது வேறு கேள்வி. என்னைக் கேட்டால், தோற்றத்துக்காக வாங்குவது வீண் செலவு. பெரிய பட்டன்கள் தாரில் அசைந்து அசைந்து ஒருபக்கமாகத் தேயும், இரைச்சல் போடும், எரிபொருளையும் கூடுதலாகக் குடிக்கும். சேற்றில் இறங்கும் வண்டிக்குத்தான் அவை நியாயம். அவற்றையும் 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்பின் மாற்றிப் போட்டால் நீண்ட நாள் உழைக்கும்.

சட்டப்படி பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. ஆனால் அந்த அளவு, தேய்மானத்தை மட்டுமே சொல்கிறது. வயதைச் சொல்வது பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்க எண். 2322 என்றிருந்தால், 2022ஆம் ஆண்டின் 23வது வாரத்தில் செய்த டயர். ஐந்து ஆண்டு கடந்தால் ஆண்டுதோறும் பரிசோதிக்க வேண்டும், பத்து ஆண்டுக்கு மேல் பட்டன் இருந்தாலும் வைத்திருக்கக்கூடாது என்று பல தயாரிப்பாளர்கள் கூறுகின்றனர்.

வண்டி முதலாளியுடையது, டயர் வாங்கும் முடிவும் அவருடையது. ஆனால் நடுக்கத்தை முதலில் உணர்பவர் ஓட்டுநர். எந்த வேகத்தில் தொடங்குகிறது, ஸ்டியரிங்கிலா இருக்கையிலா, பாரம் ஏற்றினால் கூடுகிறதா என்று குறித்து, மேடிட்ட இடத்தைக் கைப்பேசியில் படமெடுத்து அனுப்பினால், “பேலன்சிங் பண்ணிட்டு வா” என்று தட்டிக்கழிப்பது கடினம். அந்த இளைஞர் அதைத்தான் செய்தார். படம் போன பத்தாவது நிமிடத்தில், டயரை மாற்றச் சொல்லிப் பதில் வந்தது. ஸ்பானர் பிடித்த மெக்கானிக், நூறு கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடி இறுக்க வரச் சொன்னார்.

அதுவரை ஸ்பேர் சக்கரத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. வண்டியின் அடியில் தொங்கிய அதைக் குனிந்து துடைத்தபோது எண் தெரிந்தது: 1913. இளைஞர் விரல்விட்டு எண்ணினார். “அப்ப நான் ஸ்கூல் படிச்சுக்கிட்டு இருந்தேண்ணே.”