வைட்டமின்: பூசுவதா, உண்பதா?

வைட்டமின் என்ற சொல்லை அறியாத இல்லம் இன்று இல்லை. சோறூட்டும் தாய்க்கும் அது தெரியும். கண்ணாடிமுன் நிற்கும் மகளுக்கும் அது தெரியும். தாய் மருந்துக் கடையில் மாத்திரை கேட்கிறாள். மகள் அதே கடையில் முகப்பூச்சு கேட்கிறாள். இன்னும் சிலர், விழுங்குவதற்கென்று செய்யப்பட்ட ‘ஈ’ வைட்டமின் குளிகையை ஊசியால் குத்தி, அதன் எண்ணெயை முகத்தில் தடவிக்கொள்கின்றனர். “உள்ளே போனால் என்ன, மேலே பட்டால் என்ன, சத்து ஒன்றுதானே?” என்பது அவர்தம் வாதம். சத்து ஒன்றே, ஆயினும் அது நுழையும் வாயில் வேறானால் அதன் வேலையும் வேறாகிவிடுகிறது.

தோல் ஒரு மதில் என்பதை முதலில் மனத்திற்கொள்ள வேண்டும். அதன் மேற்படலம் உயிரற்ற அணுக்களைச் செங்கல் போல் அடுக்கி, இடையே கொழுப்பைச் சாந்து போல் பூசிய சுவர். உடலின் பெரும்பகுதியில் இதன் தடிப்பு ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குதான். எனினும் வெளிப்பொருள் எளிதில் உட்புகாதவாறு அது காவல் செய்கிறது. பன்னிரண்டாம் எண்ணுள்ள ‘பி’ வைட்டமினின் மூலக்கூறு மிகப் பெரியது. அதனால் இச்சுவரைக் கடக்க இயலாது. ‘சி’ வைட்டமின் சிறியதேனும் நீரில் கரைவது. கொழுப்புச் சுவர் அதனைத் தடுக்கிறது. ஆகவேதான் அதனைக் கொண்ட பூச்சுகளை நல்ல புளிப்புத் தன்மையுடன் தயாரிக்கின்றனர். அவையும் காற்றும் ஒளியும் பட்டால் கெட்டு, பழுப்பு நிறமடைகின்றன. பெரும் பணம் கொடுத்து வாங்கிய சிறு குப்பி பழுப்பாகிவிட்டதாயின் அதன் பயன் போயிற்று என்று கொள்க. சுவரைக் கடந்து செல்லும் சிறிதளவும் பெரும்பாலும் அவ்விடத்துத் தோலோடு நின்றுவிடும். பல் ஈறில் இரத்தம் கசியும் ஸ்கர்வி நோயாளிக்கு எந்த மருத்துவரும் முகப்பூச்சு எழுதிக் கொடுப்பதில்லை.

தோலில் தோன்றும் நோய்க்கு மருந்தும் தோலில்தான் இட வேண்டும் என்று எண்ணுவது மனித இயல்பு. இவ்வெண்ணம் பொய்யாகும் என்பதற்குப் பெல்லாக்ரா நோயின் வரலாற்றைவிடச் சிறந்த சான்றில்லை. இத்தாலிய மொழியில் அப்பெயருக்குச் சொரசொரப்பான தோல் என்பது பொருள். வெயில் படும் கை, கால், முகம் ஆகியவற்றில் தோல் கறுத்துத் தடித்து உரியும். கழுத்தைச் சுற்றி மாலையிட்டாற்போல் ஒரு கருவளையம் தோன்றும். பின்னர் வயிற்றுப்போக்கு, மனக்குழப்பம், இறுதியில் மரணம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் மக்காச்சோள மாவும், வெல்லப்பாகும், பன்றிக் கொழுப்புமே உணவாகக் கொண்ட ஏழை மக்களை இந்நோய் வாட்டியது. அது கிருமியால் பரவும் தொற்றுநோய் என்றே மருத்துவர் பலர் நம்பினர்.

1914-ஆம் ஆண்டு இதனை ஆராய அரசு அனுப்பிய மருத்துவர் ஜோசப் கோல்ட்பர்கர், அநாதை இல்லங்களையும் மனநோயாளர் விடுதிகளையும் சுற்றிப் பார்த்தார். உள்ளே வாழ்வோர் நோயுற்றனர். அவர்களுடன் நாள் முழுதும் பழகிய பணியாளர் நோயுறவில்லை. தொற்றுநோய் ஆள் பார்த்தா தொற்றும்? மிசிசிப்பி மாநிலத்தின் இரு அநாதை இல்லங்களில் குழந்தைகளுக்குப் பாலும் முட்டையும் இறைச்சியும் பயறும் கொடுக்கச் செய்தார்; நோய் அகன்றது. அப்போதும் நம்பாதோர் இருந்தமையால், 1916-இல் அவரும் நண்பர்களும் நோயாளியின் இரத்தத்தைத் தங்கள் உடலில் ஏற்றிக்கொண்டனர். உதிர்ந்த தோற்செதில்களை மாவில் உருட்டி விழுங்கினர். அவர்தம் மனைவி மேரியும் இரத்தம் ஏற்றிக்கொள்ள முன்வந்தார். ஒருவருக்கும் நோய் வரவில்லை. இத்தகைய துணிவை, அதுவும் கணவன் மனைவி இருவரிடமும் ஒருங்கே, காண்பது அரிது. உணவில் குறைந்த பொருள் யாதென அறியாமலே 1929-இல் கோல்ட்பர்கர் மறைந்தார். 1937-இல் கான்ராட் எல்வேஜெம் அதனைக் கண்டறிந்தார்: நியாசின் எனும் ‘பி’ வைட்டமின்.

நம் நாட்டிலும் தக்காணப் பீடபூமியில் சோளத்தையே முதன்மை உணவாகக் கொண்ட ஏழைகளிடம் இந்நோய் இருந்தது. டாக்டர் கோபாலனும் அவர்தம் துணைவரும் ஆராய்ந்து, சோளத்தில் மிகுந்துள்ள லியூசின் எனும் பொருளுக்கும் அதில் பங்குண்டு என 1960-இல் எழுதினர்.

இதே நியாசினின் மற்றொரு வடிவமான நியாசினமைடு இன்று முகப்பூச்சுகளில் விற்பனையாகிறது. முகத்தின் எண்ணெய்ப் பசையைச் சற்றுக் குறைக்கவும், மேற்படலத்தை உறுதிப்படுத்தவும் அது உதவுவது உண்மையே. ஆனால் கழுத்தில் அம்மாலை தோன்றியவனுக்கு அப்பூச்சு எதற்கு? உள்ளிருந்து வற்றிய ஊற்றை வெளியிலிருந்து ஈரப்படுத்த முடியாது. ‘ஏ’ வைட்டமினும் அப்படியே. அது குறைந்த குழந்தைக்குத் தோல் வறண்டு போகலாம். அதனினும் கொடிது மாலைக்கண், பின்னர் குருடு. எண்ணெய் தேய்த்து அக்கண்ணை மீட்க இயலாது. 1970 முதல் நம் அரசு ஆறு மாதத்திற்கு ஒருமுறை குழந்தைகளின் வாயில்தான் அச்சொட்டு மருந்தை ஊற்றி வருகிறது.

இவ்விதிக்கு ஒரு பெரிய விலக்கு உண்டு. ‘டி’ வைட்டமினைத் தோல் தானே தயாரிக்கிறது. வேண்டுவது பூச்சன்று, வெயில். 1919-இல் பெர்லின் நகரத்து மருத்துவர் குர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி, எலும்பு வளையும் ரிக்கெட்ஸ் நோயுற்ற குழந்தையின் ஒரு கையில் மட்டும் புற ஊதா ஒளியைப் பாய்ச்சினார். ஒளி படாத மறு கையின் எலும்பும் உறுதி பெற்றது. தோலில் பிறந்த பொருள் இரத்தத்தின் வழியே உடலெங்கும் சென்றது என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

இனி, ஊசியால் குத்திய குளிகைக்கு வருவோம். 1999-இல் அமெரிக்காவின் மயாமி நகரில், அறுவை செய்துகொண்ட 15 பேரின் தழும்பில் ஒரு பாதிக்கு வெறும் களிம்பும், மறுபாதிக்கு ‘ஈ’ வைட்டமின் கலந்த களிம்பும் தடவி ஒப்பிட்டனர். பெரும்பாலோரிடம் வைட்டமின் தடவிய பாதி மேம்படவில்லை, அல்லது மேலும் கெட்டது. மூவரில் ஒருவருக்கு அரிப்பும் தடிப்பும் கண்டன.

அங்ஙனமாயின் எல்லாவற்றையும் விழுங்கிவிடுவதே நன்றோ எனில், அதுவும் அன்று. ‘சி’ வைட்டமினை நாளொன்றுக்கு 200 மில்லிகிராம் அளவில் உட்கொண்டாலே இரத்தம் ஏறக்குறைய நிறைந்துவிடும். அதற்கு மேற்பட்டதில் பெரும்பகுதி சிறுநீரில் போகும். நெல்லிக்காய் தின்போர் அதற்காகக் கடைக்குப் போக வேண்டியதில்லை. ‘ஏ’ வைட்டமினோ சிறுநீரில் போகாது, ஈரலில் தங்கும். 1597-இல் ஆர்க்டிக் பகுதியில் சிக்கிய டச்சு மாலுமிகள் பனிக்கரடியின் ஈரலைத் தின்றனர். அவர்களுள் மூவருக்குத் தலை முதல் கால்வரை தோல் உரிந்தது. அதிகமான ‘ஏ’ வைட்டமினே காரணம். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரைக் கொண்டு நடந்து 1994-இல் வெளிவந்த ஆய்வில், அவ்வைட்டமினின் மூலப்பொருளான பீட்டா கரோட்டின் மாத்திரையை உண்டவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு மிகுந்தது. காரட்டும் முருங்கைக்கீரையும் உண்போர் இதனைக் கேட்டு அஞ்ச வேண்டா. குற்றம் மாத்திரையின் அளவில் உள்ளது.

பெற்றோர் சிறப்பாகக் கருத வேண்டியது ஒன்றுண்டு. ‘ஏ’ வைட்டமினின் உருமாற்றங்கள் முகப்பருவுக்கு நல்ல மருந்து. பூசும் வகை ட்ரெட்டினாயின். உட்கொள்ளும் வகை ஐசோட்ரெட்டினாயின். பின்னது 1982-இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது. மறு ஆண்டே, அதனை உண்ட தாய்மாருக்குக் காது, முகம், இருதயம், மூளை ஆகியவற்றில் குறையுள்ள குழந்தைகள் பிறந்த செய்திகள் வந்தன. திருமணம் நிச்சயமான பெண் மாலையிடும் நாளுக்குள் முகம் தெளிய வேண்டுமென்று, தோழி சொன்ன மாத்திரையைத் தானே வாங்கி உண்பது எத்துணைப் பேரபாயம்! மருத்துவர் மேற்பார்வையில் உண்டவளும், நிறுத்தி ஒரு மாதம் கழியும்வரை கருவுறலாகாது. பூசும் வகையில் உட்செல்வது மிகச் சிறிதே. ஆயினும் கருவுற்றிருப்போர் அதனையும் நிறுத்திவிடுமாறே மருத்துவர் கூறுவர். ஐசோட்ரெட்டினாயின் உண்போர், ஆணாயினும் பெண்ணாயினும், நிறுத்தி ஒரு மாதம் ஆகும்வரை இரத்ததானமும் செய்யக் கூடாது. அவ்விரத்தம் எங்கோ ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றப்பட்டுவிடலாம்.