திருடன் வரலை... தூக்கம்தான் போச்சு!

திருடனைப் பயமுறுத்துவதற்காகக் கண்டுபிடித்த மணி, இன்றுவரை அதிகம் பயமுறுத்தியிருப்பது யாரைத் தெரியுமோ? பக்கத்து வீட்டுக்காரரைத்தான்!

சந்தேகமிருந்தால், சிதம்பரத்தில் கடைகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிற ஏதாவது ஒரு தெருவில் மாடி போர்ஷனுக்குக் குடிவந்து பாருங்கள். கீழே கடை, மேலே நாம். என் நிலைமை அதுதான். நடுராத்திரி ஒன்றரை மணிக்கு, பூட்டிய ஷட்டருக்குள்ளிருந்து ‘குய்ங்ங்... குய்ங்ங்...’ என்று ஆரம்பித்தது ஒருநாள். தெருவே திரண்டது. கையில் டார்ச், உருட்டுக்கட்டை, மடித்துக் கட்டிய லுங்கியோடு ஏழெட்டு வீரர்கள். திருடனும் இல்லை, அவன் நிழலும் இல்லை. இரண்டாவது தடவை மூன்று பேர் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தோம். மூன்றாவது தடவை? தலையணையைக் காதுமேல் வைத்துக்கொண்டு எல்லோரும் திரும்பிப் படுத்தாச்சு!

போர்டில் இருக்கும் நம்பருக்குப் போன் செய்தால் என்ன? செய்தோமே! கடைக்குள்ளேயே மணி அடித்தது... அலாரத்துக்குத் துணையாக!

தூக்கம் போனது சின்ன நஷ்டம். காலையில் கடலூர் பஸ்ஸில் ஜன்னல் கம்பியில் தலையை முட்டிக்கொண்டு தூங்கி, ஆபீஸில் கொட்டாவி விட்டு மேனேஜரிடம் முறைப்பு வாங்கினால் தீர்ந்தது. பெரிய நஷ்டம் கடைக்காரருக்கு. அடுத்த தடவை நிஜமாகவே திருடன் வந்தால், ஒருத்தரும் எழுந்திருக்கப் போவதில்லை. ‘புலி வருது’ கதைதான்!

பட்டனை அழுத்துவது யார்?

பெரும்பாலும் நம் வீட்டுப் பிராணிகள்தான். கடைக்குள் மாட்டும் சென்சார், உடம்புச் சூடு நகர்வதைக் கண்டுபிடிக்கும். குறுக்கே ஓடுவது திருடனா, பெருச்சாளியா என்று எல்லா சென்சாருக்கும் தெரியாது. பல்லி போய் அதன் முகத்திலேயே உட்கார்ந்தால், அதற்கு அது பூதம்! ஷட்டரில் அதிர்வு சென்சார் இருந்தால், கனமான லாரி போனாலே போதும். தீபாவளி ராத்திரி ஒரு அணுகுண்டு வெடித்தால், தெருவில் நிற்கிற கார்கள் வரிசையாக ஒப்பாரி வைப்பதும் இதே கதைதான். எல்லாவற்றுக்கும் மேலே நம்ம கரண்ட் கட்! உள்ளே இருக்கும் பேட்டரி வயசாகிப் பலவீனமாக இருந்தால், கரண்ட் போகும்போதோ வரும்போதோ குழம்பிப்போய் அலற ஆரம்பிக்கும்.

சரி, யாரிடம் போவது?

‘நகராட்சியிலே சொல்லுங்க’ என்பார் ஒருவர். ‘இல்லை சார், இது போலீஸ் மேட்டர்’ என்பார் இன்னொருவர். சட்டப்படி பார்த்தால் இரண்டாமவர் பக்கம்தான் நியாயம் அதிகம்.

மத்திய அரசு 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளைக் கொண்டுவந்தது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை 45 டெசிபல்தான் எல்லை. கடைத்தெருவில் 65, இரவில் 55. இதற்குமேல் 10 டெசிபலோ அதிகமோ போனால் யார் வேண்டுமானாலும் புகார் கொடுக்கலாம். சைரன் சர்வசாதாரணமாக நூறைத் தாண்டுமே! நடவடிக்கை எடுக்கும் அதிகாரிகள் என்று அந்த விதிகள் சொல்வது மாவட்ட ஆட்சியர், போலீஸ் கமிஷனர், டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத நியமிக்கப்பட்ட அதிகாரி ஆகியோரை.

தொல்லை தொடர்கதையானால் இன்னொரு வழி, பொதுத் தொல்லையை நீக்க உத்தரவிடும் பிரிவு. பழைய குற்ற விசாரணை முறைச் சட்டத்தில் 133 என்று இருந்தது, 2024 ஜூலையிலிருந்து புதிய சட்டத்தில் 152. சப்-கலெக்டர் அல்லது ஆர்.டி.ஓ.விடம் மனு கொடுக்கலாம்.

எல்லாம் சரிதான். ஆனால் ராத்திரி ஒன்றரை மணிக்கு நமக்கு வேண்டியது சட்டப் பிரிவா? சாவி! டெசிபல் மீட்டரோடு ஆள் வந்து சேருவதற்குள் பேட்டரியே தீர்ந்துபோயிருக்கும். சாவி யாரிடம் என்ற கேள்விக்கு மேலே சொன்ன எதிலும் பதில் இல்லை.

வெள்ளைக்காரன் என்ன செய்கிறான்?

நம்ம கடலூருக்கும் வெள்ளைக்காரனுக்கும் சத்த விஷயத்தில் பழைய பந்தம் உண்டு. 1690-ல் தேவனாம்பட்டினம் கோட்டையை விலைக்கு வாங்கியபோது, பீரங்கியைச் சுட்டு, குண்டு விழுந்த தூரம்வரை தங்களுக்கே என்று எல்லை போட்டுக்கொண்டார்கள். அப்படிச் சத்தம் போட்டு ஊர் பிடித்த அவர்கள்தான், இன்று தங்கள் நாட்டில் சத்தத்தை அடக்கக் கச்சிதமாக ஒரு சட்டம் வைத்திருக்கிறார்கள்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005-ல் வந்த சட்டப்படி, உள்ளாட்சி மன்றம் ஒரு பகுதியை ‘அலாரம் பகுதி’ என்று அறிவிக்கலாம். அங்கே அலாரம் வைத்திருப்பவர், சாவி வைத்திருக்கும் ஒருவரை நியமித்து, அவர் விவரத்தை மன்றத்துக்குத் தெரிவித்தாக வேண்டும். தராவிட்டால் அபராதம். அலாரம் 20 நிமிஷத்துக்கு மேல் விடாமலோ, ஒரு மணி நேரத்துக்கு மேல் விட்டுவிட்டோ அடித்து அக்கம்பக்கத்தைப் படுத்தினால், மன்றத்தின் அதிகாரி உள்ளே போய் நிறுத்தலாம். கதவு பூட்டியிருந்தால் நீதிபதியிடம் வாரண்ட் வாங்கிப் பூட்டை உடைக்கலாம். செலவு? அலாரத்துக்குச் சொந்தக்காரர் தலையில்!

இதற்கு நாம் புதிதாக ஒரு சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டுமா என்ன? கடலூர் மாநகராட்சியும் சிதம்பரம் நகராட்சியும் கடைகளுக்குத் தொழில் உரிமம் கொடுக்கின்றன. அந்த விண்ணப்பத்தில் ஒரே ஒரு கட்டம் கூடுதலாக அச்சடித்தால் போதும்: ‘அலாரம் உண்டா? ராத்திரியில் சாவி யாரிடம்? செல் நம்பர் என்ன?’ அந்தப் பட்டியலில் ஒரு காப்பி போலீஸ் ஸ்டேஷனுக்கு. ரோந்து போகிற ஏட்டய்யா கையில் அது இருந்தால், பத்து நிமிஷத்தில் தெரு தூங்கிவிடும்.

அதுவரை கடைக்காரர்கள் செய்யக்கூடியவை மூன்று. சைரன் பத்து நிமிஷத்தில் தானாக நிற்கும்படி மெக்கானிக்கை செட் செய்யச் சொல்வது. பேட்டரியை வயசாவதற்குள் மாற்றி, சென்சாரைத் துடைப்பது. ஷட்டர்மேல் கடை நம்பருக்குப் பதிலாக, ராத்திரியில் போனை எடுக்கிற மனிதரின் நம்பரை எழுதுவது.

நாம் செய்யக்கூடியது ரெண்டு. எத்தனை தடவை ஏமாந்திருந்தாலும், மணி அடித்தால் ஒரு தடவை எட்டிப் பாருங்கள். ஷட்டர் சற்றே தூக்கியிருந்தால் வீரம் காட்டாமல் 100-க்கோ 112-க்கோ போன் போடுங்கள். மறுநாள் கடைக்காரரை டீக்கடையில் பார்த்தால் சண்டைக்குப் போகாதீர்கள். ஒரு டீ வாங்கிக் கொடுத்து, ‘அண்ணே, பேட்டரி மாத்தி எத்தனை வருஷமாச்சு?’ என்று மட்டும் கேளுங்கள்.

டீ காசு போனால் போகட்டும் சார்... தூக்கம் மிச்சம்!