வங்கியில் பெருந்தொகை: எவ்வளவுக்கு யார் பொறுப்பு?

இந்தியாவில் ஒரு வங்கி நொடித்துப் போனால், அங்கே பணம் போட்டவருக்குச் சட்டப்படி உறுதியாகக் கிடைப்பது அசலும் வட்டியும் சேர்த்து அதிகபட்சம் 5 லட்சம் ரூபாய். அதற்கு மேல் உள்ள பணம் கிடைக்குமா, எப்போது கிடைக்கும் என்பது அந்த வங்கியின் சொத்து நிலவரத்தையும், ரிசர்வ் வங்கியும் அரசும் எடுக்கும் முடிவையும் பொறுத்தது. ஓய்வுபெற்றபோது வந்த தொகை, நிலம் விற்ற பணம், பிள்ளைகளின் திருமணத்துக்குச் சேர்த்தது என்று பெருந்தொகையை ஒரே வங்கியில் போடுவோர் இந்த வரம்பை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

காப்பீடு வந்த கதை

1960-ல் கேரளத்தின் பாலை சென்ட்ரல் வங்கி மூடப்பட்டபோது ஆயிரக்கணக்கானோரின் சேமிப்பு முடங்கியது. அதையடுத்து 1961-ல் சட்டம் இயற்றப்பட்டு, 1962 ஜனவரி 1 முதல் வைப்புத்தொகைக் காப்பீடு நடைமுறைக்கு வந்தது. அப்போது வரம்பு 1,500 ரூபாய். 1993-ல் அது 1 லட்சம் ஆனது. 2020 பிப்ரவரி 4 முதல் 5 லட்சம். இதை நடத்துவது ரிசர்வ் வங்கிக்குச் சொந்தமான வைப்புத்தொகைக் காப்பீடு மற்றும் கடன் உத்தரவாதக் கழகம், சுருக்கமாக டி.ஐ.சி.ஜி.சி. இதற்கான பிரீமியத்தை வங்கிதான் கட்டுகிறது. வாடிக்கையாளர் தனியாக விண்ணப்பிக்கவோ பணம் கட்டவோ தேவையில்லை.

எதற்குக் காப்பீடு உண்டு, எதற்கு இல்லை

பொதுத்துறை, தனியார் வங்கிகள், வெளிநாட்டு வங்கிகளின் இந்தியக் கிளைகள், கிராம வங்கிகள், சிறு நிதி வங்கிகள், பேமென்ட்ஸ் வங்கிகள், நகரக் கூட்டுறவு வங்கிகள், மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிகள் ஆகிய எல்லாவற்றுக்கும் இந்தக் காப்பீடு உண்டு. சேமிப்புக் கணக்கு, நடப்புக் கணக்கு, எஃப்.டி., ஆர்.டி. என்ற வேறுபாடு கிடையாது.

ஊரில் ‘சொசைட்டி பேங்க்’ என்று வழங்கும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் இதில் சேராது. நிதி நிறுவனங்களில் போடும் டெபாசிட், ‘நிதி’ என்ற பெயரில் உறுப்பினர்களிடம் மட்டும் பணம் வாங்கும் கம்பெனிகள், சீட்டு, மியூச்சுவல் ஃபண்ட் எதற்கும் இந்தக் காப்பீடு இல்லை. வங்கிக் கவுன்டரிலேயே விற்றாலும் ஆயுள் காப்பீட்டு பாலிசியும் கடன் பத்திரமும் டெபாசிட் ஆகாது. 2020-ல் நெருக்கடியில் சிக்கிய யெஸ் வங்கி மீட்கப்பட்டபோது டெபாசிட்தாரர்கள் பணத்தை இழக்கவில்லை. ஆனால் அதே வங்கி வெளியிட்டிருந்த 8,415 கோடி ரூபாய் மதிப்புள்ள கூடுதல் மூலதனப் பத்திரங்கள் ஒரே உத்தரவில் மதிப்பற்றவை ஆக்கப்பட்டன. விவகாரம் நீதிமன்றம் வரை போனது. கையெழுத்துப் போடும் தாளில் ‘டெபாசிட்’ என்று இருக்கிறதா, ‘பாண்ட்’ அல்லது ‘பாலிசி’ என்று இருக்கிறதா என்று பார்ப்பது இதனால்தான் முக்கியம்.

லாக்கரில் உள்ள நகைக்கும் இந்தக் காப்பீடு கிடையாது. தீ, திருட்டு, ஊழியர் மோசடி போன்றவற்றால் நகை போனால், வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையைப் போல் 100 மடங்கு. வாடகை 3,000 ரூபாய் என்றால் இழப்பீடு 3 லட்சம். உள்ளே 20 லட்சத்துக்கு நகை இருந்தாலும் அவ்வளவுதான்.

5 லட்சம் எப்படிக் கணக்கிடப்படுகிறது

வரம்பு ஒரு கணக்குக்கு அல்ல; ஒரு வங்கியில் ஒரு நபருக்கு. ஒரே வங்கியின் மதுரைக் கிளையில் 4 லட்சமும் திருச்சிக் கிளையில் 3 லட்சமும் ஒருவர் பெயரில் இருந்தால், மொத்தம் 7 லட்சத்தில் 5 லட்சத்துக்குத்தான் காப்பீடு. வட்டியும் இதற்குள் அடங்கும். அசல் 4,60,000, சேர்ந்த வட்டி 30,000 என்றால் முழுத்தொகையும் பாதுகாப்பு. அசலே 5 லட்சமாக இருந்தால் வட்டிக்குக் காப்பீடு மிஞ்சாது. ஆகவே எஃப்.டி. போடும்போது முதிர்வுத் தொகையை வைத்துக் கணக்குப் பார்க்க வேண்டும். அதே வங்கியில் கடன் பாக்கி இருந்தால் அதைக் கழித்துக்கொண்டுதான் மீதி தரப்படும்.

எந்த உரிமையில் பணம் வைக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து வரம்பு தனித்தனியாகப் பொருந்தும். கணவர் பெயரில் மட்டும் ஒரு கணக்கு, மனைவி பெயரில் மட்டும் ஒன்று, கணவர் முதலிலும் மனைவி இரண்டாவதாகவும் உள்ள கூட்டுக் கணக்கு, மனைவி முதலிலும் கணவர் இரண்டாவதாகவும் உள்ள கூட்டுக் கணக்கு என நான்கும் நான்கு உரிமைகளாகக் கொள்ளப்படும். ஒவ்வொன்றுக்கும் 5 லட்சம் வீதம், ஒரே வங்கியில் 20 லட்சம் வரை அந்தத் தம்பதிக்குக் காப்பீடு கிடைக்கும். மைனர் பிள்ளைக்குக் காப்பாளராக வைத்திருக்கும் கணக்கும், கூட்டு வணிக நிறுவனத்தின் பங்குதாரராக நடத்தும் கணக்கும் தனி. ஆனால் தனி உரிமையாளராகக் கடை நடத்துபவரின் கடைக் கணக்கு அவருடைய சொந்தக் கணக்கோடு சேர்த்தே எண்ணப்படும்.

வங்கி தடுமாறும்போது என்ன நடக்கிறது

வங்கி முறைப்படி மூடப்படும் முன்பே ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு விதிக்கும். பணம் எடுப்பதற்கு உச்சவரம்பு வரும். 2019 செப்டம்பரில் மும்பையின் பஞ்சாப் மகாராஷ்டிரா கூட்டுறவு வங்கிக்குக் கட்டுப்பாடு வந்தபோது, ஒரு கணக்கிலிருந்து முதலில் 1,000 ரூபாய்தான் எடுக்க முடிந்தது. வங்கி கொடுத்த கடனில் பெரும்பகுதி ஒரே கட்டுமானக் குழுமத்துக்குப் போயிருந்ததும், போலிக் கணக்குகள் மூலம் அது மறைக்கப்பட்டிருந்ததும் பின்னர் தெரியவந்தது. 2022 ஜனவரியில் அந்த வங்கி ஒரு சிறு நிதி வங்கியோடு இணைக்கப்பட்டது. 5 லட்சத்துக்கு மேல் வைத்திருந்தவர்களுக்கு மீதி, 10 ஆண்டு வரை நீளும் தவணைகளில் என்று முடிவானது.

கரூரில் 1926-ல் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கியின் முடிவு வேறு மாதிரி. 2020 நவம்பர் 17 அன்று பணம் எடுக்க 25,000 ரூபாய் வரம்பு வந்தது. பத்தே நாளில் அது டி.பி.எஸ். வங்கியோடு இணைக்கப்பட, டெபாசிட் முழுவதும் தப்பியது. பங்குதாரர்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. பெரிய வணிக வங்கி சரியும்போது இன்னொரு வங்கியோடு இணைத்து டெபாசிட்டைக் காப்பாற்றும் வழக்கம் இதுவரை இருந்துவருகிறது. அது வழக்கமே தவிர, சட்டம் தரும் உத்தரவாதம் அல்ல.

2021-ல் வந்த சட்டத் திருத்தம் ஒரு பெரிய குறையைத் தீர்த்தது. முன்பு வங்கி கலைக்கப்படும் வரை காப்பீட்டுத் தொகைக்குக் காத்திருக்க வேண்டும். அதற்கு ஆண்டுகள் ஆகும். இப்போது பணம் எடுக்கத் தடை விதிக்கப்பட்ட நாளிலிருந்து 90 நாளுக்குள் தொகை தரப்பட வேண்டும். முதல் 45 நாளில் வங்கி டெபாசிட்தாரர் பட்டியலைக் கொடுக்க வேண்டும். அடுத்த 30 நாளில் சரிபார்ப்பு. பிறகு 15 நாளில் பட்டுவாடா. வேறு வங்கியோடு இணைக்கும் முயற்சி நடந்தால் மேலும் 90 நாள் தள்ளிப்போகலாம். பணம் பெற, டெபாசிட்தாரர் விருப்பக் கடிதத்தையும் வேறொரு வங்கிக் கணக்கின் விவரத்தையும் தர வேண்டும். கே.ஒய்.சி. சரியாக இல்லாதவர்களுக்குத் தாமதமாகும்.

வங்கியைத் தேர்ந்தெடுக்கும்போது

கூடுதல் வட்டிதான் பலரை இழுக்கிறது. மற்ற வங்கிகளைவிட ஒரு வங்கி இரண்டு சதவீதம் அதிகம் தந்தால், 5 லட்சத்துக்கு ஆண்டுக்குக் கூடுதலாகக் கிடைப்பது 10,000 ரூபாய். காப்பீட்டு வரம்புக்குள் இருக்கும் பணத்துக்கு அதை ஏற்கலாம். வரம்புக்கு மேல் உள்ள பணத்தை அந்தப் பத்தாயிரத்துக்காகப் பணயம் வைக்கத் தேவையில்லை.

வங்கியின் ஆண்டறிக்கையில் இரண்டு எண்களைப் பார்த்தால் போதும். ஒன்று, மூலதனப் போதுமை விகிதம், அதாவது இடருக்கேற்ப மதிப்பிட்ட கடன்களோடு ஒப்பிட வங்கியின் மூலதனம் எவ்வளவு என்பது. வணிக வங்கிகளுக்கு இது கூடுதல் இருப்போடு சேர்த்து 11.5 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. இன்னொன்று, நிகர வாராக்கடன். அது 6 சதவீதத்தைத் தொட்டால் ரிசர்வ் வங்கியின் உடனடித் திருத்த நடவடிக்கைக்குள் வங்கி வரும். லட்சுமி விலாஸ் வங்கி முடங்குவதற்கு ஓராண்டுக்கு முன்பே, 2019 செப்டம்பரில், இந்த நடவடிக்கைக்குள் வந்துவிட்டது. நாளிதழின் வணிகப் பக்கத்தைப் படித்தவர்களுக்கு எச்சரிக்கை அப்போதே கிடைத்தது. ஸ்டேட் வங்கி, எச்.டி.எஃப்.சி., ஐ.சி.ஐ.சி.ஐ. மூன்றையும், சரிந்தால் நாட்டின் நிதி அமைப்பே பாதிக்கப்படும் வங்கிகள் என்று ரிசர்வ் வங்கி வகைப்படுத்தி, கூடுதல் மூலதனம் வைக்கச் சொல்கிறது. ஆனால் அங்கும் காப்பீட்டு வரம்பு அதே 5 லட்சம்தான்.

வரம்பைத் தாண்டும் பணத்துக்கு, மத்திய அரசே பொறுப்பேற்கும் திட்டங்கள் உள்ளன. அஞ்சலகச் சேமிப்பு முழுவதற்கும் அரசின் உத்தரவாதம் உண்டு. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒருவர் 30 லட்சம் வரை போடலாம். ரிசர்வ் வங்கி மூலம் விற்கப்படும் மாறும் வட்டிச் சேமிப்புப் பத்திரத்துக்கு உச்சவரம்பே இல்லை. பணம் 7 ஆண்டு முடங்கும்.

உதாரணமாக, ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை கையில் 42 லட்சம் இருக்கிறது என்று கொள்வோம். 30 லட்சத்தை மூத்த குடிமக்கள் திட்டத்தில் போட்டு, மீதி 12 லட்சத்தை மூன்று வங்கிகளில் 4 லட்சமாகப் பிரித்தால், வட்டியோடு சேர்த்து ஒரு வங்கியில் 5 லட்சத்தைத் தாண்டாதவரை ஒரு ரூபாய்கூடக் காப்பு இல்லாமல் நிற்காது. ஒரு வங்கிக்குத் தடை வந்தாலும் மருத்துவச் செலவுக்கு மற்ற இரண்டு இருக்கும்.

தகராறு வந்தால்

எஃப்.டி. ரசீதைக் கையில் வாங்குவதோடு, அது கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பாஸ்புக்கிலோ நெட் பேங்கிங்கிலோ சரிபார்க்க வேண்டும். ஊழியர் கைப்பட எழுதித் தரும் துண்டுச் சீட்டு ரசீது ஆகாது. நாமினி பெயரைப் பதிவு செய்வது அவசியம். 2025 நவம்பர் 1 முதல் ஒரு கணக்குக்கு நான்கு பேர் வரை நியமித்து, யாருக்கு எவ்வளவு பங்கு என்றும் குறிப்பிடலாம்.

புகாரை முதலில் வங்கிக்கு எழுத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்க வேண்டும். 30 நாளுக்குள் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தி தராவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்; உதவிக்கு 14448 என்ற எண்ணை அழைக்கலாம். கணக்கிலிருந்து ஆன்லைனில் பணம் திருடப்பட்டால் உடனே 1930-ஐ அழைத்து, வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும். வங்கியல்லாத நிறுவனம் ஏமாற்றினால், தமிழ்நாட்டில் 1997-ன் முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பொருளாதாரக் குற்றப் பிரிவில் புகார் கொடுக்கலாம். டெபாசிட் வாங்கும் நிதி நிறுவனம் எதுவும் ஆண்டுக்கு 12.5 சதவீதத்துக்கு மேல் வட்டி தர ரிசர்வ் வங்கி விதி இடம் கொடுப்பதில்லை. அதற்கு மேல் தருவதாக ஒரு நிதி நிறுவனம் சொன்னால், பணத்தைக் கொடுக்காமல் எழுந்து வந்துவிடுவதே நல்லது.