சிங்காரச் சென்னை அட்டை

சிங்காரச் சென்னை அட்டை என்பது சென்னையின் மெட்ரோ ரயிலிலும் மாநகரப் பேருந்துகளிலும் கட்டணம் செலுத்தப் பயன்படும் முன்பண அட்டை. பயணி முதலில் ஒரு தொகையை அட்டையில் ஏற்றிக்கொள்கிறார். ஒவ்வொரு பயணத்தின்போதும் அதிலிருந்து கட்டணம் கழிகிறது. பாரத ஸ்டேட் வங்கியின் துணையுடன் சென்னை மெட்ரோ ரயில் நிறுவனம் இதை 2023 ஏப்ரல் 14 அன்று அறிமுகப்படுத்தியது. புதுச்சேரி போன்ற வெளியூர்களிலிருந்து மருத்துவம், தேர்வு, நேர்காணல், விமானப் பயணம் ஆகியவற்றுக்காகச் சென்னை செல்வோருக்கு இது சில்லறைத் தேடலையும் வரிசையில் நிற்பதையும் குறைக்கிறது. ஆனால் இதன் இயல்பைத் தெரிந்துகொள்ளாமல் சென்றால், பணம் ஏற்றிய பிறகும் நிலையத்தின் வாயில் திறக்காமல் திகைக்க நேரிடும்.

வரலாறு

சென்னை மெட்ரோ ரயில் 2015 ஜூன் 29 அன்று கோயம்பேடு – ஆலந்தூர் இடையே ஓடத் தொடங்கியது. அப்போது மெட்ரோ நிறுவனம் வழங்கிய பயண அட்டை மெட்ரோவில் மட்டுமே செல்லுபடியாகும். ஒரு நகரத்தின் அட்டை மற்றொரு நகரத்தில் உதவாது என்பதே அன்று நாடெங்கும் இருந்த நிலை.

இதை மாற்ற, ரூபே அமைப்பை அடிப்படையாகக் கொண்ட தேசியப் பொது நகர்வு அட்டை 2019 மார்ச் 4 அன்று அகமதாபாத்தில் தொடங்கிவைக்கப்பட்டது. சுருக்கமாக இதை என்.சி.எம்.சி. என்பர். சிங்காரச் சென்னை அட்டை இவ்வகையைச் சேர்ந்தது. ஆகவே, இதே தரத்தை ஏற்கும் டெல்லி, மும்பை, பெங்களூரு மெட்ரோக்களிலும் இதைப் பயன்படுத்தலாம்.

2025 ஜனவரியில் மாநகரப் போக்குவரத்துக் கழகப் பேருந்துகளிலும் இந்த அட்டை நடைமுறைக்கு வந்தது. மெட்ரோவின் பழைய பயண அட்டையில் பணம் ஏற்றுவது 2025 ஆகஸ்ட் 1 முதல் நிறுத்தப்பட்டது. பழைய அட்டையை வீட்டில் வைத்திருப்பவர்கள் அதை நம்பிப் புறப்படாமல், மெட்ரோ நிலையச் சீட்டு மையத்தில் கொடுத்துப் புதிய அட்டைக்கு மாறிக்கொள்வதே முறை.

இயங்கும் முறை

இந்த அட்டைக்குள் மின்கலம் கிடையாது. மெல்லிய கம்பிச்சுருள் ஒன்றும் அதனுடன் இணைந்த சில்லு ஒன்றும் இருக்கின்றன. வாயிலில் உள்ள கருவி, மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலம் ஒன்றைத் தன்னைச் சுற்றி உண்டாக்குகிறது. அட்டையைச் சில சென்டிமீட்டர் தொலைவுக்குள் கொண்டுசென்றால், பள்ளி இயற்பியலில் படிக்கும் மின்காந்தத் தூண்டலின்படி கம்பிச்சுருளில் மின்னோட்டம் தூண்டப்படுகிறது. அந்த மின்சாரத்தில் சில்லு விழித்து, கருவியுடன் செய்தி பரிமாறிக்கொள்கிறது. இதற்குப் பயன்படும் அலைவெண் 13.56 மெகாஹெர்ட்ஸ்.

மெட்ரோவில் உள்ளே நுழையும்போது, புறப்பட்ட நிலையம் எது என்பது சில்லில் பதிவாகிறது. வெளியேறும்போது வாயில் அந்தப் பதிவைப் படித்து, தூரத்துக்கு ஏற்ற கட்டணத்தைக் கழிக்கிறது. அதனால் ஓர் அட்டையில் ஒரே நேரத்தில் ஒருவர்தான் மெட்ரோவில் செல்ல முடியும். முன்னே சென்றவர் அட்டையைப் பின்னால் வருபவரிடம் நீட்டினால், 'ஏற்கெனவே உள்ளே சென்றுவிட்டார்' என்று கருதி வாயில் மறுத்துவிடும்.

பேருந்தில் நடைமுறை வேறு. இறங்குமிடத்தை நடத்துநரிடம் சொன்னால், அவர் கையில் உள்ள டிக்கெட் கருவியில் அதைப் பதிவு செய்வார். கருவியின் மீது அட்டையைக் காட்டியதும் கட்டணம் கழிந்து சீட்டு வரும். இறங்கும்போது மறுபடி காட்ட வேண்டியதில்லை.

பணம் எங்கே இருக்கிறது?

இந்த அட்டையைப் பற்றிப் பயணி தெரிந்துகொள்ள வேண்டியவற்றுள் முதன்மையானது இது. செலவழிக்கத் தயாராக உள்ள பணத்தின் கணக்கு சில்லிலேயே எழுதப்பட்டிருக்கிறது. ஆயிரக்கணக்கானோர் கடக்கும் வாயில் ஒவ்வொருவருக்கும் ஒரு நொடிக்குள் திறந்தாக வேண்டும். வங்கியின் கணினியைக் கேட்டு விடை வரும்வரை காத்திருக்க முடியாது. ஓடும் பேருந்தில் எல்லா இடத்திலும் இணையத் தொடர்பு கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. ஆகவே, வாயிலும் டிக்கெட் கருவியும் சில்லில் உள்ள இருப்பை மட்டுமே பார்க்கின்றன.

சென்னை வந்திறங்கிய தந்தைக்காகச் சாரத்தில் இருக்கும் மகள் கைப்பேசி வழியே ரூ. 200 ஏற்றுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பணம் வங்கியில் உள்ள அட்டைக் கணக்குக்குப் போய்ச் சேர்ந்துவிடும். மகளுக்குக் குறுஞ்செய்தியும் வரும். ஆனால் தந்தையின் சட்டைப்பையில் உள்ள சில்லுக்கு இது எதுவும் தெரியாது. அவர் நேரே வாயிலுக்குச் சென்றால், இருப்பு போதவில்லை என்றே காட்டும். நிலையத்தில் உள்ள சீட்டு மையத்திலோ அதற்கான கருவியிலோ அட்டையை ஒருமுறை வைத்து இருப்பைப் புதுப்பித்தால்தான் அந்த ரூ. 200 சில்லுக்கு மாறும். அதன் பிறகு வாயில் திறக்கும். மையத்தில் நேரடியாகப் பணம் செலுத்தினால் சில்லில் அப்போதே ஏற்றித் தருவார்கள் என்பதால், அவசரத்தில் இருப்பவருக்கு அதுவே எளிது.

சில்லில் பணம் வைக்கும் முறைக்கு மாற்றாக, கணக்கை முழுவதும் மையக் கணினியில் வைத்திருக்கும் முறையும் உலகில் உண்டு. சிங்கப்பூரில் 2002 முதல் வழங்கப்பட்ட ஈசி-லிங்க் அட்டை சில்லு முறையைச் சேர்ந்தது. அதைக் கைவிட்டு மையக் கணக்கு முறைக்கு மாற வேண்டும் என 2024 ஜனவரி 9 அன்று அந்நாட்டின் போக்குவரத்து ஆணையம் அறிவித்தது. புதிய முறையில் கழிந்த கட்டணமும் மீதியும் வாயிலில் தெரியாது. கைப்பேசிச் செயலியில்தான் பார்க்க முடியும். முதியோர் உட்படப் பலர் குறை கூறியதால், இரண்டு வாரத்துக்குள், ஜனவரி 22 அன்று, பழைய அட்டைகளும் தொடரும் என்று அரசு முடிவை மாற்றிக்கொண்டது. மீதியைக் கண்ணால் பார்ப்பது பயணிக்கு எவ்வளவு முக்கியம் என்பதை இது காட்டுகிறது.

புதுச்சேரியிலிருந்து செல்வோருக்கு

புதுச்சேரியிலிருந்து சென்னை ஏறத்தாழ 150 கி.மீ. கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகக் கோயம்பேடு செல்லும் பேருந்தில் போகிறவர் இறங்கும் இடத்திலேயே மெட்ரோ நிலையம் உண்டு. ரயிலில் போகிறவருக்கு எழும்பூரில் மெட்ரோ நிலையம் உண்டு. இவ்விரண்டும் பச்சை வழித்தடத்தில் உள்ளவை. அரசு பொது மருத்துவமனைக்குச் செல்பவர் அதே வழித்தடத்தில் சென்ட்ரல் நிலையத்தில் இறங்கலாம். விமான நிலையம் செல்பவர் ஆலந்தூரிலோ சென்ட்ரலிலோ நீல வழித்தடத்துக்கு மாற வேண்டும். மாறும்போது வாயிலை விட்டு வெளியே வரத் தேவையில்லை. திண்டிவனம் வழியாகக் கிளாம்பாக்கத்தில் இறங்குபவர், அங்கு மெட்ரோ இல்லாததால், மாநகரப் பேருந்திலிருந்துதான் பயணத்தைத் தொடங்க வேண்டியிருக்கும்.

அட்டை வாங்கும்போது கைப்பேசி எண்ணும் அடையாளச் சான்றும் கையில் இருப்பது நல்லது. எண்ணைச் சரிபார்க்கக் கடவெண் வரும் என்பதால் கைப்பேசியை வீட்டிலோ உறவினரிடமோ விட்டுச் செல்லக் கூடாது.

எவ்வளவு ஏற்றலாம்? 2021 பிப்ரவரியில் கட்டணம் குறைக்கப்பட்டபின் மெட்ரோவின் குறைந்த கட்டணம் ரூ. 10, மிகுந்த கட்டணம் ரூ. 50. அட்டையில் செலுத்துவோருக்கு 20 விழுக்காடு தள்ளுபடி உண்டு. எனவே மிக நீண்ட பயணத்துக்கும் ரூ. 40தான். இரண்டு நாளில் நான்கு நீண்ட பயணங்கள் என்றாலும் ரூ. 160 ஆகும். மாநகரப் பேருந்துச் செலவையும் சேர்த்து ரூ. 300 ஏற்றினால் குறுகிய பயணத்துக்குத் தாராளம். இறங்கப் போகும் நிலையம் எது என்பது நுழையும்போது வாயிலுக்குத் தெரியாது என்பதால், ஒரு குறைந்தபட்ச இருப்பு இல்லாவிட்டால் உள்ளே விடாது. மீதியைச் சுத்தமாகத் தீர்த்துவிட்டு ஊர் திரும்பலாம் என்று கணக்குப் போடுவது அதனால் பலிக்காது.

வரம்புகள்

என்.சி.எம்.சி. அட்டையின் சில்லில் ரூ. 2,000 வரை வைத்திருக்கலாம். பொதுப் போக்குவரத்துக்கென்றே வழங்கப்படும் முன்பண அட்டைகள் குறித்து இந்திய ரிசர்வ் வங்கி 2024 பிப்ரவரியில் விதிகளை வெளியிட்டது. அவற்றின்படி, இவ்வகை அட்டையில் இருப்பு ரூ. 3,000ஐத் தாண்டக் கூடாது. ஏற்றிய பணத்தை ரொக்கமாக எடுக்கவோ, திரும்பப் பெறவோ, வேறு கணக்குக்கு மாற்றவோ முடியாது. ஆகவே தேவைக்கு மேல் ஏற்றுவது பணத்தை முடக்குவதாகும்.

அட்டை தொலைந்தாலும் இதே நிலைதான். சில்லில் உள்ள பணத்தைச் செலவழிக்க இரகசிய எண் கேட்கப்படுவதில்லை. கண்டெடுத்தவர் அதைப் பயன்படுத்திவிட முடியும். வங்கியில் சொல்லி அட்டையை முடக்கினாலும் வங்கிக் கணக்கில் உள்ள தொகைக்குத்தான் பாதுகாப்பு. சில்லில் இருந்தது தொலைந்த பணப்பையில் இருந்த ரொக்கத்தைப் போன்றது.

அட்டை தேவைப்படாத இடங்கள்

சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. அவற்றில் செல்லும் பெண்கள் அட்டையை வெளியே எடுக்க வேண்டியதில்லை. புறநகர் மின்தொடர் வண்டிகளுக்குத் தென்னக ரயில்வே தனியாகப் பயணச்சீட்டு வழங்குகிறது. திறன்பேசியும் இணையமும் உள்ளவர்கள் கியூஆர் சீட்டு எடுத்துக்கொள்ளலாம். 2025 செப்டம்பர் 22 அன்று தொடங்கப்பட்ட 'சென்னை ஒன்று' செயலியில் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே கியூஆர் சீட்டு கிடைக்கிறது.

ஒருநாள் மட்டும் ஓரிரு பயணம் செய்பவருக்கு அத்தகைய சீட்டே போதும். அடிக்கடி சென்னை செல்ல வேண்டிய நோயாளிக்கும், திறன்பேசி இல்லாத முதியவருக்கும், வழியில் கைப்பேசி அணைந்துவிடக் கூடும் என்று அஞ்சுபவருக்கும் அட்டையே கைகொடுக்கும். அதில் எவ்வளவு மீதி இருக்கிறது என்பதை ஊரிலிருந்து புறப்படும் முன் கணக்கிலும், நிலையத்துக்குள் நுழையும் முன் சில்லிலும் பார்த்துக்கொள்வது போதுமான முன்னேற்பாடு.