காடை புராணம் – 11: ஓட்டுக்குள் இருந்து வரும் சத்தம்

ஜப்பானியக் காடை அமெரிக்காவிலிருந்து 1974-ல் இசத்நகர் ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்த கதையும், பின்னால் நம் நந்தனத்தில் தனி ரகமாகத் தேறிய கதையும் சென்ற வாரத்தோடு முடிந்தன. தவறவிட்டவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளுங்கள். இந்த வாரம் தீவனம் என்று அறிவித்திருந்தேன். அது வரும். ஆனால் குஞ்சு பொரிந்தால்தானே தீவனம்? பொரிப்பைப் பற்றிப் படிக்கப்போய், 1960களில் கேம்பிரிட்ஜில் மார்கரெட் வின்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் செய்த சோதனைகளில் இந்த வாரம் மாட்டிக்கொண்டது.

காடைப் பேடை ஒரே நாளில் எல்லா முட்டையையும் இடுவதில்லை. நாளுக்கொன்றாக இட்டு, ஈடு நிறைந்த பிறகே அடைக்கு உட்காருகிறது. அப்படியிருந்தும் முட்டைகள் ஒன்றோடொன்று வளர்ச்சியில் அச்சுப் பிசகாமல் போவதில்லை. ஆனால் பொரியும்போது எல்லாம் சேர்ந்தாற்போல், பல சமயம் ஓரிரு மணி நேரத்துக்குள் பொரிந்துவிடுகின்றன. பாப்வைட் காடையிலும் ஜப்பானியக் காடையிலும் வின்ஸ் இதன் காரணத்தைத் தேடினார். பொரிவதற்கு முன் குஞ்சு ஓட்டுக்குள்ளேயே நுரையீரலால் மூச்சுவிடத் தொடங்குகிறது. அந்த மூச்சோடு சேர்ந்து ‘டிக் டிக்’ என்று ஓர் ஒலி எழுகிறது. பக்கத்து முட்டையில் இருக்கும் குஞ்சு அந்த அதிர்வை வாங்கி, தன் வேகத்தை மாற்றிக்கொள்கிறது. ஒரு நாள் பிந்தி அடையில் வைத்த முட்டையை முன்னேறிய முட்டைகளோடு ஒட்டி வைத்தால், அது தன் நேரத்துக்குக் காத்திராமல் முந்திப் பொரிகிறது. முட்டைகளை விலக்கி வைத்தால் இந்த ஒழுங்கு குலைகிறது. ஒவ்வொன்றும் தன் போக்கில் பொரிகிறது. நாம் கருவை ஏதோ வேகிற பொருள்போல நினைத்துக்கொண்டிருக்கிறோம். சூடும் ஈரமும் கொடுத்தால் பதினேழு, பதினெட்டாம் நாள் வெளியே வரும் என்று கணக்குப் போடுகிறோம். அது மட்டும் இல்லை, கருக்கள் ஒன்றோடொன்று பேசியும் கொள்கின்றன என்கிறது இந்தச் சோதனை.

இதற்கு உடனே ஒரு மறுப்பு எழும். ஒட்டி வைத்த முட்டைகள் ஒன்றுக்கொன்று சூட்டையும் கடத்துமே, முந்திப் பொரிவதற்கு அந்தச் சூடே காரணமாக இருக்கக்கூடாதா? நியாயமான கேள்வி. வின்ஸும் இதை விடவில்லை. பக்கத்து முட்டையே இல்லாமல், கருவியால் எழுப்பிய டிக் ஒலியை மட்டும் கொடுத்தபோதும் கரு முந்திப் பொரிந்தது. இதற்குப் பிறகு சூட்டின் வாதம் நிற்காது. இன்னொரு மறுப்பு கொஞ்சம் கெட்டியானது: டிக் ஒலி என்பது மூச்சோடு தானாக எழும் சத்தம், அதை எப்படிப் பேச்சு என்பது? எழுப்புகிறவருக்கு அது வெறும் சத்தமாகவே இருக்கட்டும். கேட்கிற கரு அதற்கு ஏற்பத் தன் வளர்ச்சியை மாற்றுகிறதே, அந்த மறுமொழி வெறும் சத்தத்தின் உடன்விளைவு அல்ல. தாய் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு சீக்கிரமே கூட்டை விட்டுக் கிளம்பிவிடும் இனம் இது. பிந்திய குஞ்சு காட்டில் அனாதை. எனவே கேட்கத் தெரிந்த கருவே பிழைத்தது என்று கொள்வதில் தடையில்லை.

நான் சொல்ல வந்தது இதற்கு அடுத்தது. பண்ணைக் காடைக்குத் தாய்மை மறந்துபோய்விட்டது, அடைகாக்கத் தெரியாது என்று கைப்புத்தகங்கள் ஒரே வரியில் எழுதிவிடுகின்றன. பாதிதான் சரி. கூண்டில் இருக்கும் பேடை அடைக்கு உட்காருவதில்லை, உண்மை. உட்கார்ந்தால் முட்டை நின்றுபோகும்; முட்டைக்காகவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தவர்கள் அடைக்கு உட்காரும் பேடையை விட்டுவைத்திருக்க மாட்டார்கள். நம் ஊரில் அடைக்கோழியைத் தண்ணீரில் முக்கி எடுத்து அடையைத் தெளியவைப்பதும் இதே கணக்குத்தான். ஆனால் தேர்வின் கத்தி முட்டையைக் குறைத்த குணத்தின் மேல் மட்டுமே விழுந்தது. குஞ்சை வளர்க்கும் குணத்தால் யாருக்கும் முட்டை நஷ்டமில்லை, ஆகவே அது தப்பித்தது. ஆதாரம் பிரான்சின் ரென் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அங்கே, அடைகாத்தே அறியாத பேடையோடு குஞ்சுகளை இருட்டில் ஓர் இரவு சேர்த்து வைத்தால், விடிந்ததும் பேடை அவற்றைச் சிறகடியில் அணைத்து, தீனி காட்டி அழைக்கிறது. அப்படி வளர்ந்த குஞ்சுகளுக்கு, தாயில்லாமல் வளர்ந்தவற்றைவிட அச்சம் குறைவு என்றும் அளந்திருக்கிறார்கள். முட்டைக்குள் கேட்கும் டிக் ஒலியும் இந்தத் தப்பித்த பட்டியலில்தான் சேர்கிறது.

அடைக்கு உட்காரும் குணம்கூட முற்றாக அழிந்ததா என்பதே சந்தேகம். வெளிப்புறத்தில், புதரும் புல்லும் உள்ள விசாலமான அடைப்புகளில் விட்ட பண்ணைக் காடைகள் கூடு கட்டி அடைகாத்ததை 1970களிலேயே பதிவு செய்திருக்கிறார்கள். ஆக, அழிந்தது குணமா, அது வெளிப்பட வேண்டிய சூழலா என்று பிரித்துக் கேட்க வேண்டியிருக்கிறது. கம்பிக் கூண்டில் வைத்துப் பார்த்துவிட்டு, குணம் இல்லை என்று தீர்ப்பு எழுதுவது அவசரம்.

பொரிப்பகம் நடத்துகிறவர் கேட்பார்: ‘இதெல்லாம் சரிங்க, மெஷினில் நல்லாத்தானே பொரியுது?’ பொரிகிறது, மறுக்கவில்லை. ஆனால் அடைகாக்கும் மெஷினான செட்டரின் தட்டில் குழிக்கொன்றாகத் தள்ளித் தள்ளி நிற்கும் முட்டைகள் கடைசி மூன்று நாளுக்குப் பொரிக்கும் மெஷினான ஹேட்சரின் கூடைக்கு மாறும்போது, அவற்றை ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும்படி படுக்கவைப்பதற்கு இந்த ஆராய்ச்சி ஒரு காரணம் தருகிறது. முதலில் பொரிந்த குஞ்சு கடைசிக் குஞ்சு வரும்வரை ஹேட்சரின் சூட்டில் காத்துக் கிடந்து நீர் வற்றிப்போகிறது; ஏழெட்டு கிராம் எடையுள்ள உயிருக்கு அது சின்ன இழப்பில்லை. அந்த இடைவெளியைச் சுருக்க, செலவே இல்லாத ஓர் உதவி முட்டைக்குள்ளேயே இருக்கிறது. அதற்காக நாள்பட்ட முட்டையையும் புது முட்டையையும் கலந்து வைத்துவிட்டு, அவையே பேசிச் சரிசெய்துகொள்ளும் என்று இருந்துவிடவும் கூடாது. ஒலியால் சரிக்கட்ட முடிந்த வித்தியாசத்துக்கும் ஓர் அளவுண்டு.

போகிறபோக்கில் ஒன்று. 1990 மார்ச் 22-ம் தேதி, சோவியத் மீர் விண்வெளி நிலையத்தில் ஒரு காடைக் குஞ்சு பொரிந்தது. பூமிக்கு வெளியே பொரிந்த முதல் குஞ்சு அது. எடையற்ற இடத்திலும் கரு தன் வேலையை ஓட்டுக்குள் முடித்துவிட்டது. வெளியே வந்த பிறகுதான் தொல்லை. காலூன்ற இடமில்லாமல் மிதந்ததால் அங்கே பொரிந்த குஞ்சுகளால் ஒழுங்காகத் தீனி எடுக்க முடியவில்லை.

தீனி என்றதும் நினைவுக்கு வருகிறது: காடைக் குஞ்சுக்குக் கறிக்கோழிக் குஞ்சைவிடப் புரதம் கூடுதலாகத் தேவைப்படுவது ஏன், ஆறே வாரத்தில் முட்டைக்கு வரும் பறவை அதை எங்கே செலவழிக்கிறது என்பது அடுத்த வாரம்.

(தொடரும்)