பருவத்தின் நடுவே பேராசிரியருக்கு யார் துணை?

புது தில்லி: கல்லூரியில் ஒரு பருவம் தொடங்கி ஏழெட்டு வாரங்கள் கழிந்த பின்னரே வகுப்பின் உண்மை நிலை ஆசிரியருக்குத் தெரிய வருகிறது. உள்மதிப்பீட்டுத் தேர்வின் விடைத்தாள்கள் அப்போதுதான் கைக்கு வருகின்றன. முன்வரிசையில் இருப்போர் தலையசைத்ததை நம்பி நடத்திய இரண்டாவது அலகு, பின்வரிசைகளுக்குப் புரியவே இல்லை என்பது வெளிப்படுகிறது. பாடத்திட்டத்தில் ஏறத்தாழ பாதி மீதமிருக்க, நாட்கள் மட்டும் குறைந்துகொண்டே வருகின்றன. இந்த வேளையில் ஆசிரியருக்குக் கைகொடுக்க நம் உயர்கல்வி அமைப்பில் ஏற்பாடு ஏதும் இருக்கிறதா என்பதே கேள்வி.

பயிற்சிகளுக்குக் குறைவில்லை. 1986-ஆம் ஆண்டின் தேசிய கல்விக் கொள்கையைத் தொடர்ந்து, கல்லூரி ஆசிரியர்களுக்காகப் பல்கலைக்கழக மானியக் குழு கல்விப் பணியாளர் கல்லூரிகளை நாடெங்கும் நிறுவியது. பின்னர் மனிதவள மேம்பாட்டு மையங்கள் என்று பெயர் மாறிய இவை, 2023-ல் மாளவியா இயக்கத்தின் ஆசிரியர் பயிற்சி மையங்களாயின. புதிதாகப் பணியில் சேர்வோருக்கு ஒரு மாத அறிமுகப் பயிற்சி, மற்றவர்களுக்கு இரண்டு வாரப் புத்தொளிப் பயிற்சி என்று வகுப்புகள் நடைபெறுகின்றன. ஆனால், இவை பதவி உயர்வுடன் பிணைக்கப்பட்டவை. எந்தப் பயிற்சிக்குப் போனால் அடுத்த ஊதிய நிலைக்குத் தகுதி கிடைக்கும் என்ற கணக்கே ஆசிரியரின் முன் நிற்கிறது. இந்த வாரம் தன் வகுப்பில் என்ன செய்வது என்ற கேள்வியுடன் அவர் போய் நிற்பதற்கான இடமாக அவை அமையவில்லை.

முன்பு இந்தக் குறை பெரிதாகத் தெரியவில்லை. ஆண்டு முழுவதும் ஒரே பாடம் நடத்தும் முறையில், தீபாவளிக்குப் பிறகும் சரிசெய்துகொள்ள அவகாசம் இருந்தது. தில்லிப் பல்கலைக்கழகம் 2010-ல் அறிவியல் பாடங்களிலும், 2011-ல் ஏனைய இளநிலைப் படிப்புகளிலும் பருவ முறையைக் கொண்டுவந்தபோது, ஆசிரியர் சங்கங்கள் கடுமையாக எதிர்த்தன. அந்த எதிர்ப்பில் அரசியலும் இருந்தது, நியாயமும் இருந்தது. பருவம் குறுகினால், தவறித் தடுமாறி எழுவதற்கான காலமும் குறுகிவிடும். பொது நுழைவுத் தேர்வு அறிமுகமான 2022-ல் முதலாண்டு வகுப்புகள் நவம்பர் 2-ஆம் தேதிதான் தொடங்கின என்பதையும் இங்கே நினைத்துப் பார்க்கலாம்.

மாணவர் கருத்தைக் கேட்கும் வழக்கமும் வந்துவிட்டது. தேசிய தரமதிப்பீட்டுக் குழு தனது அளவுகோல்களில் மாணவர் மனநிறைவுக் கணக்கெடுப்பை 2017-ல் சேர்த்தது. கல்லூரிகளும் பருவத்தின் முடிவில் படிவங்களை நிரப்பி வாங்குகின்றன. அந்தக் கருத்தால் பயன் இருந்தாலும் அது அடுத்த ஆண்டு மாணவர்களுக்கே. எழுதிக் கொடுத்தவர்கள் அதற்குள் தேர்வை எழுதி முடித்திருப்பார்கள்.

இதே கேள்வியைப் பருவத்தின் நடுவிலேயே கேட்பது கடினமன்று. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாக இயற்பியல் பேராசிரியர் சார்லஸ் ஷ்வார்ட்ஸின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் 'ஒரு நிமிடத் தாள்' முறைக்கு ஒரு துண்டுத் தாளே போதும். வகுப்பு முடியும் தறுவாயில் மாணவர்கள் இன்று கற்றது என்ன, புரியாதது எது என்று பெயரிடாமல் இரண்டு வரி எழுதிக் கொடுக்கின்றனர். அறுபது பேர் கொண்ட வகுப்பின் தாள்களைப் படிக்க அரை மணி நேரம்கூட ஆகாது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 1970-களில் உருவான மற்றொரு முறையில், ஆசிரியர் வெளியேறிவிட, சக ஊழியர் ஒருவர் வகுப்பினரைச் சிறு குழுக்களாக அமர்த்தி, எது உதவுகிறது, எதை மாற்றலாம் என்று கேட்டு, தொகுத்து ஆசிரியரிடம் மட்டும் சொல்கிறார்.

தில்லி போன்ற நகரில் இந்தத் துண்டுத் தாளுக்குத் தனி மதிப்பு உண்டு. பிகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் இந்தி வழியில் படித்துவிட்டு வரும் மாணவர்கள் ஆங்கில விரிவுரையின்போது எழுந்து கேள்வி கேட்கத் தயங்குகின்றனர். தாளில் இந்தியில் எழுத அவர்களுக்குத் தயக்கம் இருக்காது. கருத்து புரியவில்லையா, மொழி புரியவில்லையா என்பது அப்போது தெளிவாகும். இரண்டுக்கும் மருந்து வேறு. முன்னதற்கு அந்தப் பகுதியை மீண்டும் நடத்த வேண்டும். பின்னதற்குக் கலைச்சொற்களின் இருமொழிப் பட்டியலே பெரும்பாலும் போதும்.

நம் நாட்டுப் பெரிய வகுப்புகளில் இவையெல்லாம் நடக்காது என்ற வாதம் எழும். மும்பை ஐஐடியின் ஆய்வாளர்கள் 2013-ல் வெளியிட்ட ஆய்வு அதற்கு ஓரளவு பதில் தருகிறது. கணினி நிரலாக்கம் பயிலும் சுமார் 450 மாணவர்கள் கொண்ட வகுப்பில், முதலில் தனியே சிந்தித்து, பிறகு பக்கத்தில் இருப்பவருடன் பேசி, அதன்பின் எல்லோர் முன்னும் பகிரும் முறை கையாளப்பட்டது. சராசரியாக 83 சதவீதத்தினர் அந்தப் பணியில் ஈடுபட்டிருந்ததாக அந்த ஆய்வு கண்டது. ஐஐடி மாணவர்களை எல்லாக் கல்லூரிக்கும் அளவுகோலாக்க முடியாது என்பது உண்மையே. ஆயினும், கூட்டம் பெரிது என்பது மட்டும் காரணமாகிவிடாது.

உண்மையான தடை வேறு. மாணவர்களின் குறைகள் அடங்கிய தாள் முதல்வரின் மேசைக்குப் போகும் என்றால், எந்த ஆசிரியரும் அதைக் கேட்டு வாங்கமாட்டார். அதிலும், ஒவ்வொரு பருவத்திலும் நியமனம் புதுப்பிக்கப்படுமா என்று காத்திருக்கும் கெளரவ விரிவுரையாளருக்கு அது தன் கையாலேயே எழுதிக்கொள்ளும் குற்றப் பத்திரிகை. அவருக்கு ஒரு விரிவுரைக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு 50,000 ரூபாய் உச்சவரம்பு என்று மானியக் குழு 2019-ல் நிர்ணயித்தது. விரிவுரைக்கே கூலி என்பதால், தாள்களைப் படிக்கும் அந்த அரை மணி நேரம் கணக்கில் வராது. எனவே, பருவ நடுவே பெறும் கருத்து ஆசிரியருக்கே உரியது, எந்தக் கோப்பிலும் சேராது என்று கல்லூரி எழுத்து மூலம் உறுதியளிப்பதே முதல் வேலை.

அடுத்தது, ஆலோசனை சொல்ல ஓர் ஆள். உதவிப் பேராசிரியருக்கு வாரத்துக்கு 16 மணி நேரம், இணைப் பேராசிரியருக்கு 14 மணி நேரம் நேரடிக் கற்பித்தல் என்று மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு விதிமுறைகள் கூறுகின்றன. அனுபவம் மிக்க ஆசிரியர் ஒருவருக்கு இதில் இரண்டு மணி நேரத்தைக் குறைத்து, அழைக்கும் வகுப்புகளுக்குச் சென்று பார்க்கும் பொறுப்பை ஒப்படைக்கலாம். இதற்குப் புதிய மையமோ, புதிய பெயரோ தேவையில்லை.